மூன்றாவது அறையில் சிரிக்கிறவள்

எனக்கு ஓவியம் தெரியாது. பிடித்தது எது, பிடிக்காதது எது என்று தெரியும், அது போதும். பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், ஆபீஸ் போகிற வழியில் அங்கிருக்கும் ஓவிய அருங்காட்சியகத்தில் என்னை இறக்கிவிட்டுப் போவாள். மத்தியானம் வரை சுற்றுவேன். முதல் அறையில் ஒரு படம், முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. இதற்கா இத்தனை பெரிய சட்டம் என்று முதல் தடவை எரிச்சல்தான் வந்தது. மூன்றாம் தடவை, தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் நான் டைப் அடித்த அறையின் கதவிடுக்கு ஞாபகம் வந்து அங்கேயே நின்றுவிட்டேன். அடுத்த அறைப் படத்தில் நாற்காலிகள் மட்டும், ஒருத்தரும் உட்காரவில்லை. அவர் போய்ச் சேர்ந்து, மகளும் கட்டிக்கொண்டு போன பிறகு, தர்மபுரியில் என் வீடு அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் என் உயிர் மூன்றாவது அறையில். ஆளுயரப் படம். தலையில் சும்மாடும் கையில் தூக்குப்போசியுமாக ஒருத்தி வாயைத் திறந்து சிரிக்கிறாள். மூக்கும் காதும் கோணல்மாணல், கழுத்து பச்சை. பற்கள் மட்டும் அச்சு அசல். வெள்ளையில் பட்டை பட்டையாகப் பழுப்பு. என் பற்கள்.

ஏரியூர்ப் பக்கம், எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் இந்தப் பல்தான். தண்ணீரில் ஃப்ளோரைடு என்று பிற்பாடு சொன்னார்கள். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். எங்கள் கல்யாண போட்டோக்களைப் பார்க்கிறவர்கள் எழவு வீடு என்றுதான் நினைப்பார்கள், எல்லோரும் அப்படி உம்மென்று நிற்போம். "மூஞ்சிக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லைங்க, வாயத் தொறக்காம இருந்தாச் செரி" என்று சொல்லித்தான் என்னைப் பெண் எடுத்தார்கள்.

மகளுக்கு இது வரக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். தர்மபுரிக்குக் குடிவந்ததே அதற்காகத்தான். அவளுக்குப் பால் பல் விழுந்து மறுபல் முளைக்கும் வரை, பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் கேனில் தண்ணீர் சுமந்துகொண்டு போவேன். "மகாராணிக்குத் தண்ணி வருதுங்கோ, வழி வுடுங்க!" என்று நாத்தனார் தெருவே கேட்கக் கூவுவாள். கூவட்டுமே. என் மகளுக்கு முல்லை மொட்டாகப் பல் வரிசை.

போன மாதம் ஒரு நாள் மகளும் லீவு போட்டுவிட்டு என்னோடு கிளம்பினாள். அருங்காட்சியகத்துக்குச் சம்பந்தியம்மாவும் வருவதாகச் சொன்னார்கள். காரில் ஏறும் முன் மகள் என்னைத் தனியே இழுத்தாள்.

"அம்மா, அத்தை வர்றாங்க. கொஞ்சம் பாத்து சிரிம்மா."

அவள் கல்யாணத்தில் இரண்டு நாளும் முந்தானையால் மறைத்தே சமாளித்தவள் நான். தலையாட்டினேன்.

மூன்றாவது அறையில் படங்களை விளக்குகிற பையன் ஒருவன் எங்களுக்காகத் தமிழிலேயே பேசினான். "இந்தப் பழுப்பு பல்லோட நிறமே இல்லைங்க மேடம். அது மண்ணு. உழைக்கிற பொம்பளைக்குள்ள இருக்கிற பூமி. ஓவியரோட கற்பனை."

"ஐயோ, என்ன அழகு! கண்ணையே எடுக்க முடியலைங்க" என்றார் சம்பந்தியம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்ணாவது மண்ணாங்கட்டியாவது!

"கற்பனை இல்ல தம்பி. எங்க ஊர்ல வூட்டுக்கு வூடு இந்தப் பல்லுதான். தண்ணி குடிச்சோம், வந்துச்சு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையைக் கீழே இறக்கி, வாய் நிறையச் சிரித்தேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக. "ஒரு போட்டோ எடு சாமி" என்றேன் மகளிடம். சம்பந்தியம்மா என் வாயைப் பார்த்த வேகத்தில் தரையைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்தால் கண்ணை எடுக்க முடியாது, சம்பந்தி வாயில் இருந்தால் கண் கூசும்போல! மகள் போட்டோ எடுத்தாள்.

நான் தர்மபுரிக்குத் திரும்பிய பிறகு குடும்ப வாட்ஸ்அப்பில் அந்தப் போட்டோ வந்தது. ஓவியம் மட்டும். இடது ஓரத்தில் என் நீலச் சேலையின் கரை ஒரு விரல் அகலம். "அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த படம்" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே சம்பந்தியம்மா, "என்ன ஒரு சிரிப்பு!" என்று போட்டு மூன்று இதயம் வைத்திருந்தார்.

போன் போட்டேன். "என்னை எங்க சாமி காணோம்?"

"உன் கண்ணு மூடியிருந்துச்சும்மா. அதான் கட் பண்ணிட்டேன்."

பொய் சொன்னால் அவள் குரல் மெலியும். பெற்றவளுக்குத் தெரியாதா? உன் பல்லுக்காகக் கேன் கேனாகச் சுமந்தேனே, என் பல் உனக்கு ஆகவில்லையா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

"செரி சாமி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றேன்.

வீட்டில் வேறு ஆள் இல்லை. போனில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அப்போதும் என் இடது கை வாயை மூடியிருந்தது.