முதுகைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள்

அப்பா குளியலறையில் விழுந்தது ஒரு பின்னேரம். பெரிய சத்தம் எதுவும் இல்லை, வாளி உருண்டதுதான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரோடு சாய்ந்து, ஒரு கால் மடிந்தபடி, இடுப்பில் ஈரச் சாரத்துடன் கிடந்தார். நினைவு தப்பவில்லை. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

கக்கத்துக்குள் கைகளைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். அப்பா மெலிந்த மனிதர். பாரிசவாதம் வந்தபிறகு இன்னும் மெலிந்திருந்தார். அப்படியிருந்தும் ஒரு சாண்கூட என்னால் அவரை உயர்த்த முடியவில்லை. ஈர நிலத்தில் என் கால்தான் வழுக்கியது. கடைசியில் துவாயை மடித்து அவருடைய தலைக்குக் கீழே வைத்துவிட்டு வாசல் படலையடிக்கு ஓடினேன்.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் அந்த நேரத்தில் நடமாட்டம் இருக்காது. இரண்டு பக்கமும் மதில்கள். பாதி வீடுகளின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். நெடுநேரம் கழித்து ஒரு மேசன் சைக்கிளில் வந்தார். விசயத்தைச் சொன்னதும் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு உள்ளே வந்து, "ஐயா, என்ரை கழுத்தைப் பிடியுங்கோ" என்று குனிந்து, ஒரே தூக்கில் அப்பாவைக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்.

"பாரமோ தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"பஞ்சு மாதிரி இருக்கிறியள்."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது.

அடுத்த மாரியில் நெஞ்சில் சளி கட்டி அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அம்மா அதற்கு முன்பே இல்லை. கனடாவிலிருந்து அண்ணை தனியாக வந்தார். அண்ணியும் பிள்ளைகளும் செத்தவீட்டைப் போனில் பார்த்தார்கள். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அண்ணையும் போனார். வாடகைக்கு எடுத்த கதிரைகளைக் கொண்டுபோக லொறி வந்தது. அது போனபிறகு முற்றத்தில் கதிரைக் கால்கள் பதிந்த குழிகள் மட்டும் கிடந்தன. அடுத்த மழை வரைக்கும் நான் அவற்றைக் கூட்டி மூடவில்லை.

எனக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாண நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தால் திங்கட்கிழமை காலை வரைக்கும் கதைப்பதற்கு ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். "ஒரு றாத்தல் பாண்" என்று கேட்க வாயைத் திறந்தால் குரல் கரகரத்துப் போயிருக்கும். அவரிடம் கேட்பதற்கு முன் கிணற்றடியில் நின்று ஒருமுறை செருமிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

ஜிம்முக்குப் போக வேண்டும் என்று நான் திட்டமிட்டதில்லை. அலுவலகத்தால் வரும் வழியில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் அது இருந்தது. வாசலில் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் பெரிய படம், புடைத்த புயங்களோடு. ஒருநாள் ரயில் கடவைக் கேற் மூடியிருந்தபோது ஸ்கூட்டியை நிற்பாட்டிவிட்டு ரயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து இரும்போடு இரும்பு மோதும் சத்தம் வந்தது. பெண்களுக்கு எந்த நேரம் என்று படிக்கட்டடியில் ஒரு பலகையில் எழுதியிருந்தது. அது அந்த நேரம்தான். ரயில் போனபிறகு கேற்றைத் திறந்தார்கள். நான் ஸ்கூட்டியை ஓரமாக விட்டுவிட்டு மேலே ஏறினேன்.

அங்கே பழக்குகிறவர் வயதில் சின்னவர். மிகவும் மரியாதையாகக் கதைத்தார்.

"எத்தினை கிலோ குறைக்கோணும் அக்கா?"

"குறைக்க வரேல்லைத் தம்பி. பாரம் தூக்கப் பழகோணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அப்போது நல்ல மெலிவு. சாறியோடு நின்றேன்.

"பாரம் தூக்கிறது வேறை, உடம்பு கட்டிறது வேறை அக்கா. தூக்கிறவைக்கு இரும்பு மேலை போனால் காணும். உடம்பு கட்டிறதெண்டால் எந்த இடம் வேலை செய்யுதெண்டு பாத்துப் பாத்துச் செய்யோணும். உங்களுக்கு எது?"

"எனக்கு உந்த வித்தியாசம் தெரியாது."

"சரி, நாளைக்கு ஒரு ரீசேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வாங்கோ."

அடுத்தநாள் வெறும் இரும்புத் தண்டை மட்டும் தந்தார். பாரத் தட்டு ஒன்றும் அதில் போடவில்லை. அதையே நெஞ்சுவரை கொண்டுவர முடியாமல் கை நடுங்கியது. அவர் என்னைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு, "நிலத்தைப் பாக்காதேங்கோ, உங்களைப் பாருங்கோ" என்றார். சுவர் முழுவதும் கண்ணாடி. வீட்டில் முகம் பார்ப்பேன், சாறிக்கரை சரியா என்று பார்ப்பேன். என்னை முழுதாகப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. வெட்கத்தில் பார்வை திரும்பத் திரும்ப நிலத்துக்கே போனது.

அந்தக் கிழமை முழுவதும் தலை வாரி இழுக்கக் கை உயரவில்லை. கதிரையில் இருந்து எழும்ப மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த நோவு எனக்குப் பிடித்திருந்தது. இதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் கண் விழித்தவுடன் அது இருக்கும். தேத்தண்ணி போடும்போது தோளில் இருக்கும், குசினிப் படியில் இறங்கும்போது தொடையில் இருக்கும். வீட்டுக்குள் என்னோடு ஏதோ ஒன்று நடமாடிக்கொண்டிருந்தது போல. நோவு குறையத் தொடங்கியதும் மறுபடியும் போனேன். இப்படித்தான் தொடங்கியது.

பிறகு முட்டை. எங்கள் வீட்டில் சைவச் சமையல் மட்டும்தான், முட்டைகூட உள்ளே வந்ததில்லை. பருப்பும் கடலையும் நீர்வேலிக் கதலி வாழைப்பழமும் போதாது என்று ஜிம்முத் தம்பி சொல்லிக்கொண்டேயிருந்தார். சந்திக் கடையில் முதன்முதலாக ஒரு தட்டு முட்டை கேட்டேன். அப்பாவை அறிந்த கடைக்காரர் ஆச்சரியப்பட்டார்.

"என்ன பிள்ளை, வெளிநாட்டுச் சனம் வந்து நிக்குதோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அந்த விருந்தாளிகளுக்காக முட்டை வாங்கினேன். அவர்கள் எப்போது திரும்பப் போவார்கள் என்று அவரும் கேட்டார். நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். குசினியில் அவிக்க மனம் வரவில்லை. பின்விறாந்தையில் ஒரு சின்ன மின்சார அடுப்பை வைத்து, நின்றபடியே உரித்துச் சாப்பிட்டேன்.

பெண்களின் நேரத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் கலியாணம் பொருந்தி நாள் குறித்தவர்கள். ட்ரெட்மில்லில் ஏறி, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடப்பார்கள். கலியாணம் முடிந்ததும் வரமாட்டார்கள். இரும்புப் பக்கம் நான் மட்டும்தான் நின்றேன். சில மாதங்கள் போனபிறகு அரியாலையிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். மருந்துக் கடையில் வேலை, என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். புருசன் பிரான்சில். "நடந்து நடந்து எங்கை அக்கா போறது?" என்று கேட்டுவிட்டு முதல்நாளே இரும்புப் பக்கம் வந்துவிட்டாள்.

நீளமான வாங்குப் பலகையில் மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே தண்டைத் தூக்கும்போது, தலைமாட்டில் ஒரு ஆள் நிற்க வேண்டும். கை களைத்துத் தண்டு இறங்கினால் பிடிக்க. அவள் அங்கே நிற்பாள். உள்ளங்கைகளைத் தண்டுக்குக் கீழே, தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு, "விடாதேங்கோ அக்கா, நான் நிக்கிறன்" என்பாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த வசனத்தைக் கேட்பதற்காகவே நான் ஒரு தட்டை அதிகமாகப் போட்ட நாட்கள் இருக்கின்றன.

உடம்பு மெல்ல மாறியது. முதலில் கண்டுபிடித்தவர் எனக்குச் சாறிச் சட்டை தைக்கிற அக்கா. ஒரு சொந்தக்காரக் கலியாணத்துக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். கையைச் சுற்றி நாடாவைப் பிடித்தவர், பழைய அளவைப் பார்த்துவிட்டு இன்னொருதரம் பிடித்தார்.

"என்ன பிள்ளை, கை உப்பிடி? வீட்டிலை மாவிடிக்கிறியோ?"

எனக்குச் சிரிப்பும் சந்தோசமும் வந்தன. இன்னும் ஏதாவது கேட்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அளவை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கலியாண மண்டபத்தில் மாமி, அப்பாவின் தங்கை, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "உதென்ன ஆம்பிளையள் மாதிரி? இனியும் ஏதும் சம்பந்தம் வந்தால் வாறவை பயந்து ஓடிடுவினம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மாமி கிளப்பிய செய்தி கனடாவுக்கும் போனது. அண்ணை அந்தக் கிழமையே வீடியோவில் வந்தார்.

"ஏன் தங்கச்சி உனக்கு உந்த வேலை? யோகா செய்யன். தனிய இருக்கிற பிள்ளை, ஏதும் முறிஞ்சு கிறிஞ்சு போனால் ஆர் பாக்கிறது?"

"ஆரும் பாக்க மாட்டினம் எண்டுதான் அண்ணை செய்யிறன்."

அவர் முகம் ஒருமாதிரியாகிவிட்டது. நான் அவரைக் குத்துவதற்குச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். லைன் சரியில்லை என்று இருவருமாகச் சொல்லி வைத்துவிட்டோம்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. புயம், தோள், தொடை எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். முதுகை மட்டும் பார்க்க முடியாது. எவ்வளவு திரும்பினாலும் ஒரு ஓரம்தான் தெரியும். நான் முதுகுக்கு எவ்வளவோ செய்துகொண்டிருந்தேன், என்ன நடக்கிறதென்று எனக்கே தெரியாது. ஒருநாள் மேலே தொங்கும் தண்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தபோது அரியாலைக்காரி பின்னால் நின்று போனில் படம் எடுத்துவிட்டாள்.

"அக்கா, உங்கடை முதுகைப் பாருங்கோ!"

படத்தை வாங்கிப் பார்த்தேன். ரீசேட் வியர்வையில் ஒட்டியிருந்தது. தோளிலிருந்து இடுப்புக்கு இரண்டு பக்கமும் அகன்று இறங்கியது ஒரு முதுகு. வேறு யாருடையதோ போல இருந்தது. தலைமயிரைக் கட்டியிருந்த விதத்தைப் பார்த்துத்தான் நான் என்று நம்பினேன்.

அவள் அந்தப் படத்தை எனக்கு அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து விறாந்தையில் இருந்துகொண்டு அதை யாருக்காவது அனுப்ப வேண்டும் என்று போனைத் தடவினேன். அண்ணையின் பெயர் வந்தது, கடந்து போனேன். அலுவலகத்து ஆட்கள், மாமி, காஸ் கொண்டுவருகிறவர், அப்பாவின் வைத்தியர், பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் சிலர், அவர்களுடைய இலக்கங்கள் இப்போதும் வேலை செய்கின்றனவோ தெரியாது. பட்டியல் முடிந்துவிட்டது. படத்தை இன்னொருதரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

தை பிறந்த கையோடு அரியாலைக்காரிக்கு விசா வந்துவிட்டது. சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னாள். "வாற கிழமை பிளைற் அக்கா. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை." நான் நல்ல விசயம்தானே என்றேன். அது பொய்யுமில்லை. அவளுடைய குழந்தை தகப்பனை நேரில் கண்டதேயில்லை. பாரிஸ் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள குளிரைப் பற்றி அனுப்பினாள். பிறகு பிள்ளையின் படங்கள் வந்தன. பிறகு தீபாவளிக்கு ஒரு வாழ்த்து.

அவள் போனபிறகு வாங்கில் தனியாகத்தான் செய்தேன். ஒருநாள் ஜிம்முத் தம்பி தேத்தண்ணிக்குக் கீழே போயிருந்தார். ட்ரெட்மில்லில் ஒரு கலியாணப் பெண், காதில் பாட்டு. வழக்கமான பாரம்தான், ஆனால் அன்று நித்திரை குறைவு. நெஞ்சில் இறங்கிய தண்டு திரும்ப எழும்பவில்லை. இரண்டாம் தரமும் முயன்றேன். கை விட்டுவிட்டது. நெஞ்சில் குறுக்கே இரும்பு அழுத்த, மூச்சை இழுக்க முடியாமல் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கூப்பிட வேண்டும். யாரைச் சொல்லிக் கூப்பிடுவது? அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. "பிள்ளை" என்று கூப்பிட்டேன், காற்றுத்தான் வந்தது.

பிறகு தண்டை மெல்ல வயிற்றுப் பக்கம் உருட்டினேன். விலா எலும்புகளில் ஏறி இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. இடுப்புக்கு வந்ததும் எழும்பி இருந்து, அதை மடியிலிருந்து நிலத்தில் இறக்கினேன். அந்தப் பெண் இன்னும் நடந்துகொண்டிருந்தாள். யன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரயில் பாதையைக் கடந்து போனார்கள். வயிற்றில் சிவந்த கோடு பல நாட்கள் இருந்தது.

ஒரு மாதம் அந்த வாங்குப் பக்கம் போகவில்லை. பிறகு ஒருநாள் ட்ரெட்மில்லுக்கு முன்னால் போய் நின்றேன். அந்தக் கலியாணப் பெண் காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"தங்கச்சி, கொஞ்சநேரம் என்ரை தலைமாட்டிலை வந்து நிக்கேலுமோ?"

கேட்டுவிட்டேனே தவிர எனக்கு முகம் சுட்டது. அலுவலகத்தில் பெரியவர்களோடு வாதாடியிருக்கிறேன், இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு உதெல்லாம் தெரியாதே அக்கா. விட்டிட்டால்?"

"நீங்கள் பிடிக்கவே வேண்டாம். கையை மட்டும் கீழை வைச்சிருங்கோ."

பயந்து பயந்து வந்து நின்றாள். மருதாணி வைத்த கைகள். நான் தூக்கும்போது அவளும் என்னோடு சேர்ந்து மூச்சைப் பிடித்தாள். முடிந்ததும், "அக்கா, அந்த வெறும் தண்டை நான் ஒருக்காத் தூக்கிப் பாக்கட்டோ?" என்று கேட்டாள். தட்டுகளைக் கழற்றிக் கொடுத்தேன். அவளுக்கும் கை நடுங்கியது.

படிக்கட்டால் இறங்கி வரும்போது அவள் கேட்டாள்: "வீட்டிலை ஆர் ஆர் அக்கா இருக்கினம்?"

"நான் மட்டும்தான்."

"அப்ப தனிய இருக்கப் பயமில்லையோ?"

"பயமில்லை" என்றேன். அது உண்மை. அவள் ஓம் என்று தலையாட்டிவிட்டு, மாப்பிள்ளை லண்டனில் என்றும் தனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமோ தெரியாதென்றும் கேற்றடி வரைக்கும் கதைத்துக்கொண்டு வந்தாள். நான் கேட்டுக்கொண்டே நடந்தேன்.