கீழ்வீட்டுக்குப் போன பிள்ளையார்

சுவிஸ் நாட்டு லாங்கன்தாலில் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டுக்கு, நாலு மணியிலிருந்து ஆறரை மணிவரை நான்தான் எசமானி. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை, அம்மாவுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறை. ஒன்பது வயதுக்காரியின் கையில் வாசல் கதவுத் திறப்பைத் தந்து, ஒரு சட்டமும் போட்டிருந்தார்கள்: ஆர் மணி அடித்தாலும் கதவு திறக்கப்படாது. அடிக்க ஆள் இருந்தால்தானே. தனிமை என்ற சொல் அப்போது எனக்குத் தெரியாது. வயிற்றுக்குள் குளிருது என்றுதான் அம்மாவிடம் சொல்வேன். அவரும் இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தருவார்.

கீழ்வீட்டுக்கு ஒரு சிரியா அகதிக் குடும்பம் வந்த பிறகு அந்தக் குளிர் விட்டது. அவர்களுடைய மகளுக்கும் என் வயதுதான். ஜெர்மன் பழக வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். கதவு திறக்கப்படாது என்றுதானே சட்டம், கீழே இறங்கப்படாது என்று இல்லையே. தினமும் இறங்கினேன்.

அவர்களுடைய சுவரில் ஒரே ஒரு படம். அதிலும் ஆளில்லை, தங்க நிறத்தில் அரபு எழுத்து மட்டும். அது அல்லாவின் பெயர் என்று அவள் தன் அரைகுறை ஜெர்மனில் சொன்னாள். முகம் எங்கே என்று கேட்டேன். முகம் ஒருத்தருக்கும் தெரியாதாம்.

"அப்ப எப்பிடிக் கும்பிடுறது?"

"பேர் சொல்லிக் கூப்பிடுவம். அவருக்குக் கேட்கும்."

தொண்ணூற்றொன்பது பெயர் இருக்கிறதாம். எங்கள் பிள்ளையாருக்கு நூற்றெட்டு என்று நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. அம்மா சண்டைக்குள்ளால் ஓடிவந்தபோது பைக்குள் வைத்துக் கொண்டுவந்தது ஒரே ஒரு பிள்ளையார் படம். இவர்கள் பாவம், ஓடின அவசரத்தில் தங்கள் சாமிப் படத்தை விட்டுவிட்டார்கள், இப்போது முகமும் மறந்துபோயிற்று என்று முடிவுகட்டினேன். எங்களுக்கு இங்கே வந்து வாங்கின முருகனும் அம்மனும் மிச்சம் இருந்தார்கள். மறுநாள் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன்.

அவளுடைய தாய் இரண்டு கையாலும் வாங்கினார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் துணியில் பக்குவமாகச் சுற்றி வைத்தார்.

அன்றைக்கு விளக்கேற்றப் போன அம்மா, வெறும் இடத்தைக் கண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் உண்மையைச் சொல்லி முடிக்க மணி அடித்தது. வாசலில் அந்தத் தாய், வெள்ளைத் துணிப் பொதியோடு. இரண்டு பேருக்கும் தெரிந்த ஜெர்மன் பத்துச் சொல். அதில் மன்னிப்புக் கேட்கும் சொல்லைத்தான் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

கதவைச் சாத்திவிட்டு அம்மா சொன்னார்: "அவை படம் வச்சுக் கும்பிடாத சனம். வச்சிருக்கவும் ஏலாது, எறியவும் மனம் வராது. அந்த மனிசியை எவ்வளவு சங்கடப்படுத்திப்போட்டாய். இனி அங்க போகப்படாது."

அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். கீழ்வீடு முழுக்க என்மேல் கோபம், அல்லாவும் சேர்த்தி என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

மறுநாள் நாலரைக்கு மணி அடித்தது. கதவுத் துளையால் பார்க்க என் உயரம் போதாது. வெளியே அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஏச வந்திருக்கிறாள் என்று சப்பாத்துத் தட்டோடு ஒட்டி, மூச்சை அடக்கி நின்றேன். சட்டமும் என் பக்கம் இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கூப்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். அந்தக் கிழமை முழுக்க வந்தாள். பனி கொட்டத் தொடங்கியபோது அவர்களை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். வயிற்றுக்குள் குளிர் திரும்பி வந்தது.

முகம் காட்டாதவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கேட்கும் என்று நம்பிக் காத்து நிற்பது அவள் பழகிய காரியம் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. அவள் கூப்பிட்டது எனக்கு ஒவ்வொரு நாளும் கேட்டது.