பொறாமையோடு போடிமெட்டுக்கு

சனிக்கிழமை காலை 5.40. மதுரை ஆரப்பாளையத்தில் போடி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட் எழுபத்தெட்டு ரூபாய். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். சாரல் காலத்தில் மலை நன்றாக இருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உங்களிடம் அந்தப் பொய் வேண்டாம். நான் போனது மலை பார்க்க அல்ல. கலைச்செல்வி என்ற என் தோழியிடம் ஒரு கேள்வி கேட்க.

கலை போடிக்காரி. மதுரையில் பொறியியல் படித்த நான்கு வருடமும் நாங்கள் ஒரே பெஞ்சு. கடைசி வருட புராஜெக்டாக ஆடுபுலி ஆட்டம் ஆடும் கம்ப்யூட்டர் நிரல் ஒன்றைச் சேர்ந்து எழுதினோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு போச்சு. புலிகளை நகர விடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி. புலி எப்படி யோசிக்க வேண்டும் என்ற பகுதி முழுக்க நான் எழுதியது. சத்தியமாக நான்தான்.

பிறகு நான் மதுரையிலேயே ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் ஆனேன். பத்தொன்பது வருடமாக அதே பாடம், அதே கரும்பலகை. அவள் உதவித்தொகை வாங்கிக் கனடா போனாள். முதலில் பலகை ஆட்டம் ஆடும் நிரல்கள், அப்புறம் எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே சீட்டாடும் நிரல்கள், அப்புறம் யாரும் சொல்லித்தராமல் தன்னோடு தானே லட்சக்கணக்கான ஆட்டம் ஆடிக் கற்றுக்கொள்ளும் நிரல்கள். இப்போது அங்கே பேராசிரியை. போன மாதம் ஒரு பேட்டியில், “கல்லூரியில் எழுதிய ஓர் ஆடுபுலி நிரலில்தான் எல்லாம் தொடங்கியது” என்றாள். யார் யார் எழுதியது என்று மூச்சு விடவில்லை. அந்தப் பேட்டியைப் பதினொரு முறை பார்த்தேன். பதினோராவது முறையும் என் பெயர் வரவில்லை. வயிறு எரியாதா?

காலை 8.50, போடி. அவள் பெருத்துப்போயிருப்பாள், தலை நரைத்திருக்கும் என்று ஆசையாகவே எதிர்பார்த்திருந்தேன். நரைத்துத்தான் இருந்தது. அது அவளுக்கு எடுப்பாக வேறு இருந்தது.

“வாடி ராஜி! சாப்பிட்டியா? இட்லி கட்டிட்டு வந்திருக்கேன், வண்டில சாப்பிடலாம். வெரசா வா, அண்ணே அனுப்புன ஜீப்பு நிக்குது” என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

அவளுடைய அண்ணன் பூப்பாறைக்குப் போகும் வழியில் ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்க்கிறவர். ஸ்டோர் என்றால் பறித்த ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். அங்கே வேலை செய்யும் பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆடுபுலி ஆடுவார்களாம். அவர்கள் ஆடுவதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளத்தான் கலை இரண்டு வார விடுப்பில் வந்திருந்தாள். “நீயும் வாயேன்” என்று அவள் கூப்பிட்டதும், கேள்வியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காலை 9.20. முந்தல் தாண்டியதும் ஏற்றம். போடியிலிருந்து போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. டிரைவர் ராசு வாய் ஓயாத ஆள்.

“நம்ம கலையக்கா டிவில எல்லாம் வந்துச்சுல்ல! ஊரே பாத்துச்சு. நீங்க என்ன சோலி பாக்குறீகக்கா?”

“காலேஜ்ல பாடம் நடத்துறேன்.”

“அதுவும் நல்ல சோலிதேன்.”

அந்த ‘அதுவும்’ ஆறாவது வளைவு வரை என்னை விடவில்லை. கீழே போடி ஊரும் மாந்தோப்புகளும் சிறுத்துக்கொண்டே போயின. எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. கலை இட்லியை ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

காலை 10.25, போடிமெட்டு. மூடுபனி. டீ பதினைந்து ரூபாய், நல்ல சூடு. கேட்டுவிட அருமையான நேரம். “கலை...” என்று ஆரம்பித்தேன். “அங்க பாருடி, மேகம் நமக்குக் கீழ போகுது!” என்றாள். பார்த்தேன். கேள்வியை டீயோடு விழுங்கினேன்.

சோதனைச்சாவடி தாண்டி முக்கால் மணி நேரத்தில் தோட்டம். நெடுமரங்களின் நிழலில் ஆளுயர ஏலச்செடிகள், அடித்தூரில் காய்கள். ஸ்டோருக்குள் நுழைந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. வீட்டில் பாயசத்துக்கு இரண்டே இரண்டு காய் தட்டிப்போடும் எனக்கு அங்கே குவியலைப் பார்க்கவே மலைப்பாக இருந்தது.

மதியம் 12.30. எட்டுப் பெண்கள் தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். சிமெண்டுத் தரையில் சாக்பீஸில் கட்டம். கழித்துப்போட்ட ஏலக்காய்கள் ஆடு, கூழாங்கற்கள் புலி. ராசிங்காபுரத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறும் பேச்சியம்மாதான் அங்கே ராணி. கலை அவரோடு மூன்று ஆட்டம் ஆடினாள். மூன்றிலும் மண்ணைக் கவ்வினாள்.

“ஏத்தா, நீ கம்பூட்டருக்கு மட்டுந்தேன் சொல்லிக்குடுப்பியாக்கும்? ஒனக்கு யாரு சொல்லிக்குடுக்குறது?” என்றார் பேச்சியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நான். ஆட்டத்தை ஆராய்ந்தே பெயர் வாங்கியவளுக்கு ஆடத் தெரியவில்லை! எனக்கு அப்படியொரு குளிர்ச்சி.

“தள்ளுங்க, நான் உக்கார்றேன்” என்றேன். நான் ஆடு, கலை புலி. ஒவ்வோர் ஆடாக வைத்தேன். எட்டாவது ஆட்டை நேராகப் புலியின் வாயில் வைத்தேன். கலை லபக்கென்று வெட்டினாள். மொத்தம் நான்கு ஆடு போனது. ஆனால் மூன்று புலிகளும் மூச்சு முட்ட நின்றன.

“அம்மாடி! மதுரக்காரம்மா கெட்டிக்காரியில்ல!” என்று பேச்சியம்மா என் முதுகில் தட்டினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என்ன சந்தோஷம் தெரியுமா, பத்தொன்பது வருடத்தில் அப்படி வந்ததில்லை.

அப்போது கலை சொன்னாள்: “இவ அப்பயே அப்படித்தான்க்கா. காலேஜ்ல ரெண்டு பேருமாத்தான் இதுக்கு புரோகிராம் எழுதுனோம். புலி பூரா இவ எழுதுனது. பேட்டியிலகூட இவ பேரச் சொன்னேன், அந்தப் பாவிங்க வெட்டிட்டாங்க.”

முடிந்தது. கேட்க வந்ததை, கேட்காமலே, நாலு பேர் முன்னால் கொடுத்துவிட்டாள். இனி நான் எதை வைத்துக்கொண்டு கோபப்படுவது? ஆனால் பொறாமை போகவில்லை. அப்போதுதான் நன்றாகப் பற்றியது. ஏனென்றால் குனிந்து பார்த்தால் அவள் மடியில் நோட்டு. நான் ஜெயித்துக்கொண்டிருந்தபோது அவள் என் ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதிக்கொண்டே தோற்றிருக்கிறாள். தோற்ற வருத்தம் மருந்துக்கும் இல்லை.

“எட்டாவது ஆட்ட ஏன்டி புலி வாயில வச்ச?”

“சும்மா வச்சேன்.”

“நீ சும்மா வைக்க மாட்டியே. ஆமா, நம்ம புரோகிராம அப்புறம் எப்பவாவது ஓட்டிப் பாத்தியா?”

இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மார்க் வந்த அன்றோடு நான் அதைத் திறக்கவில்லை. கல்யாணம், வேலை, குழந்தை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கும் இவையெல்லாம் உண்டு. “மறந்தே போச்சுடி” என்றேன்.

மாலை 3.30. இறக்கம். வளைவுக்கு வளைவு நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தாள் கலை. ராசு பேச்சுக் கொடுத்தும் காதில் விழவில்லை. ஐந்து மணிக்குப் போடி பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிவிட்டு, ஒரு பொட்டலம் ஏலக்காயை ஜன்னல் வழியாக மடியில் போட்டாள்.

“அந்த எட்டாவது ஆடு எனக்கு இன்னும் புடிபடலடி ராஜி. ஒனக்குத் தெரிஞ்சாச் சொல்லு” என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.

தேனி வரை மலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மதுரையில் நாளை ஞாயிறு, மறுநாள் அதே பாடம். அவள் ராத்திரியே உட்கார்ந்து அந்த ஆட்டைக் கண்டுபிடித்துவிடுவாள். என் கை தானாக வைத்த ஆடு அது. அதற்கான காரணமும் அவளுடையதாகிவிடும். இது எந்த ஊர் நியாயம்? கைப்பையைத் துழாவி, ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் கட்டம் போட்டேன். குலுங்கிய பஸ்ஸில் கோடெல்லாம் கோணல். ஆண்டிபட்டியில் ஒன்று தெரிந்தது: வெட்டினால் புலி மூலையில் போய் விழுகிறது. உசிலம்பட்டி நெருங்கும்போது இன்னொன்றும் தெரிந்தது: வெட்டாமல் விட்டால் நடுவழி அடைபடுகிறது. இரண்டுக்கும் தப்பப் புலிக்கு மூன்றாவது வழி ஏதாவது இருக்கிறதா என்பது மட்டும் பாக்கி.

போனை எடுத்தேன். அவள் பெயர்தான் மேலே இருந்தது. திரும்ப உள்ளே போட்டுவிட்டுக் கட்டம் போட்ட சீட்டை மறுபடி கையில் எடுத்தேன். முழுசாகக் கண்டுபிடிக்காமல் அவளிடம் மூச்சுகூட விடமாட்டேன்.