நூற்றுப் பதினேழாம் நம்பர் வில்லை

அன்று அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் மூன்றே பேர். உலோகம் தேடும் மெஷின் பிடித்த நான், ராசையா. மண்வெட்டி பிடித்த என் கூட்டாளி சகாயம். எங்களைக் கூலிக்கு அழைத்துப் போன குணா. மலேசியாவில், கிள்ளான் ஊரில் பழைய காசு சேர்க்கிறவர். ஒரு நாயும் இருந்தது, அது பாதியிலேயே போய்விட்டது.

இதை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. இப்போது சுங்கை ஆயர் தாவார் பக்கம் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும், "அன்னிக்கு நானும் கூடத்தான் நின்னேன்" என்று சொல்கிறவர் ஒருவராவது இருக்கிறார். அவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை. ஒருவேளை ஏதாவது வழக்கு, விசாரணை என்று வந்தால் இந்தக் கணக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். இதுவரை வரவில்லை. வராது என்று சகாயம் சொல்கிறான். எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு பழைய இரும்புக் கடையில் இருபத்தெட்டு வருடம் வேலை. செம்பு, பித்தளை, ஈயம், அலுமினியம் எல்லாம் அங்கே கை பார்த்துப் பழகியவை. கடை மூடியபின் பழைய டிடெக்டர் மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன். மோதிரம் தொலைத்தவர்கள் கூப்பிடுவார்கள். நிலத்து எல்லைக் கம்பியைத் தேடித் தரச் சொல்லி எஸ்டேட்காரர்கள் கூப்பிடுவார்கள். பெரிய அலை அடித்துக் கரை இடிந்த நாட்களில் குணாவைப் போன்றவர்கள் கூப்பிடுவார்கள். இப்போது ஆன்லைனில் மெஷின் வாங்கி நேராகக் கடலுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு என் அனுபவம் பயன்படலாம்.

1. நானே போட்ட விதி

தொழில் தொடங்கிய புதிதில் ஒருவருக்கு வெள்ளிக் காசு ஒன்று விற்றேன். ஒன்றரை மாதம் கழித்து வந்து, அது போலி, பணத்தைக் கொடு என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். காசு போலி இல்லை. ஆனாலும் பயந்து கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று இரவு தூக்கமில்லை.

அன்று ஒரு விதி போட்டேன். பொருள் கை மாறி, பணமும் கை மாறிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. வாங்கியவர் திருப்பக் கூடாது. விற்றவர் திரும்பக் கேட்கவும் கூடாது. எல்லா வாடிக்கையாளரிடமும் முதலில் இதைத்தான் சொல்வேன். குணாவிடமும் சொன்னேன்.

"நல்ல ரூல்லா அண்ணே," என்றார் அவர். "எனக்கும் அதான் நல்லது."

எங்கள் ஏற்பாடு இதுதான்: நாள் கூலி இருநூறு வெள்ளி; ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கிடைக்கிற பொருளை முதலில் அவர் பார்ப்பார். பிடித்ததை அங்கேயே விலை பேசி வாங்கிக்கொள்வார். அவர் காசு கொடுக்காத பொருள் எங்களுடையது.

2. சாக்கடைத் தொட்டி

அதற்கு முந்தைய மூன்று நாளும் கடல் பெரிதாக ஏறி, கரையோர மண் அணையைக் கடித்துத் தின்றிருந்தது. கடல் வற்றியபின் பார்த்தால், போன மாதம் நாங்கள் நடந்த இடமே இல்லை. அதற்கு அப்பால், சேற்றுக்குள் தென்னை மரத்தின் அடிக்கட்டைகள் வரிசை பிசகாமல் நின்றன. ஒரு காலத்தில் அது தென்னந்தோட்டம். யாரோ கயிறு பிடித்து அளந்து நட்ட வரிசை. கடலுக்குள் நூறடி வரை அந்த வரிசை போய்க்கொண்டே இருந்தது. நான் சிறிது நேரம் மெஷினைப் போடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னா, கட்டைய எண்றியா?" என்றான் சகாயம்.

"தண்ணி எத்தன மணிக்கு ஏறும்?"

"மூணு வாட்டி கேட்டுட்ட. ஒன்றரைக்கு."

நான் நாலாவது முறையும் போனில் பார்த்துக்கொண்டேன். ஒன்றரைதான்.

பத்து மணி வரை ஆணி, டின் மூடி, ஈயக் குண்டு. பிறகு ஒரு கட்டை வரிசை முடிகிற இடத்தில் ஹெட்போனில் சத்தம் மாறியது. காசு என்றால் 'டிங்' என்று ஒருமுறை சொல்லிவிட்டு அடங்கும். இது அடங்கவில்லை. மெஷின் தட்டை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் பாடிக்கொண்டே இருந்தது. திரையில் நம்பர் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"சகாயம், தோண்டாத. சண்டை காலத்துல ஜப்பான்காரன் போட்ட குண்டா இருக்கப் போவுது."

"வெடிச்சா வெடிக்கட்டும்லா. ரெண்டு பேரும் ஒன்னாவே போவோம். நான் பரலோகம் போயிருவேன். நீ எங்க போவன்னுதான் தெரியல."

குணா சிரித்தார். சகாயம் மண்வெட்டியைப் போட்டான். முக்கால் அடியில் செங்கல் தட்டியது. கையால் சேற்றைத் தள்ளினால், நாலு பக்கமும் செங்கல் வைத்துச் சதுரமாகக் கட்டிய சின்னத் தொட்டி. எஸ்டேட் ஆட்கள் குடியிருந்த லயத்துச் சாக்கடைத் தொட்டி என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருடம் பழைய பொருளோடு புழங்கிய நான் அப்படித்தான் நினைத்தேன்.

உள்ளே தார் மாதிரி கறுப்பாக, கல்லாக இறுகிய கட்டி. அதன் மேல் சேற்றில் உதிரியாகக் காசுகள். தலை தேய்ந்த ராணி காசு, சதுரமான ஒரு காசு, இந்தியாவிலிருந்து வந்த காலணா. மொத்தம் பதினாலு. கூடவே ஓட்டை போட்ட பித்தளை வில்லை ஒன்று. குணா பதினாலு காசுக்கும் சேர்த்து நூற்றறுபது வெள்ளி கொடுத்தார்.

"இந்த வில்லை?"

எங்கள் கடையில் இது மாதிரி எத்தனையோ கிலோ கணக்கில் உருக்கப் போயிருக்கின்றன. "பத்து வெள்ளி குடுங்க பாஸ்," என்றேன். கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். கை மாறியது.

3. தகடு

குணா வில்லையைப் பேன்ட்டில் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க 117 என்ற நம்பர் தெரிந்தது.

"அண்ணே, இது எஸ்டேட் வேலை நம்பரு. லாபம் எனக்குத்தான் போலருக்கு," என்றார்.

அந்த நேரம் சகாயம் கடப்பாரையைக் கொடுத்துக் கறுப்புக் கட்டியை மெதுவாக நெம்பினான். கட்டி பெயர்ந்து வந்தது. அதன் வயிறு முழுக்கக் காசு பதிந்திருந்தது. ஒரு மெட்டி, மூக்குத்தி அளவில் ஒரு தங்கப் பொட்டு, இரண்டு சிவப்புக் கல். கட்டிக்குக் கீழே உள்ளங்கை அளவில் பச்சை பூத்த செப்புத் தகடு.

தகட்டைத் தண்ணீரில் அலசினேன். கோடுகள் தெரிந்தன. குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு எழுத்து. நான் அதிகம் படித்தவனில்லை; அதில் பாதி எழுத்து எனக்குத் தெரியவில்லை. நடுக் கட்டத்தில் இருந்தது மட்டும் தெரிந்தது. ஓம்.

எங்கள் ஊர்க் கோவில் கும்பாபிஷேகத்தில் நான் வரிசையில் நின்றிருக்கிறேன். சிலையை நிறுத்துவதற்கு முன் பீடத்துக் குழியில் யந்திரத் தகட்டை வைப்பார்கள். ஊர் சனம் ஒவ்வொருவராக வந்து கையில் இருப்பதைக் குழியில் போடும். அதன் மேல் அம்மனை நிறுத்தி, கறுப்பாக இறுகுகிற அஷ்டபந்தன மருந்து சாத்திவிட்டால், பிறகு அதை யாரும் பார்க்க முடியாது. அன்று நான் ஐம்பது காசு போட்டேன். என் மனைவி காதில் கிடந்ததைக் கழற்றிப் போட்டாள்.

"சகாயம்," என்றேன். "இது சாக்கடை இல்ல. அம்மன் நின்ன இடம்."

சகாயம் மாதா கோவிலுக்குப் போகிறவன். மண்வெட்டியைக் கீழே வைத்தான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். குழிக்குள் வைத்திருந்த ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தான்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அந்த நிமிடம் அந்தப் பயம்கூடத் தோன்றவில்லை. காற்றும் இல்லை. கடலும் தூரத்தில் இருந்தது. நாங்கள் நின்ற சேற்றில்தான் ஒருநாள் கொட்டகை போட்டிருப்பார்கள். மேளம் அடித்திருக்கும். லயத்துச் சனம் குளித்துவிட்டு வரிசையில் நின்று, குனிந்து குனிந்து ஒவ்வொரு காசாகப் போட்டிருக்கும். தரை போய்விட்டது. மரம், லயம், கோவில் எல்லாம் போய்விட்டன. அவர்கள் போட்டது மட்டும் போட்ட இடத்திலேயே இருந்தது.

அப்போதுதான் அந்த வில்லை நினைவுக்கு வந்தது.

இரும்புக் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பழைய மண்டோர், எஸ்டேட் மேஸ்திரி, சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் காலையில் வில்லையைக் காட்டினால்தான் கணக்கு எழுதுகிற கிராணி அன்றைய வேலைக்குப் பேர் போடுவான். வில்லை இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, அரிசி இல்லை. அப்படிப்பட்ட ஒன்றை யாரும் தவறிப்போய்க் குழியில் போடமாட்டார்கள்.

"காசு இல்லாத ஒருத்தன் அவன் நம்பரையே போட்டுட்டான் போல," என்றான் சகாயம். நான் நினைத்ததை அவன் சொல்லிவிட்டான்.

4. கை மாறிய பொருள்

குணா இன்னும் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ், கட்டியும் தகடும் விக்க மாட்டேன். அந்தக் கோவில் சனத்துகிட்ட போவணும். நீங்க வாங்குனதும் வேணும்," என்றேன்.

"அண்ணே, கோவிலும் இல்ல, சிலையும் இல்ல. கடல் எடுத்துக்கிச்சு. கடல்ல கெடைச்சது யாருது?"

"கோவில் இருக்கு பாஸ்," என்றான் சகாயம். அவன் அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். "கடல் ஏறி வந்தப்ப சிலைய தூக்கிட்டு உள்ள போயிட்டாங்க. நாம வந்த ரோட்டுல மஞ்சக் கோபுரம் பாத்தீங்களே, அதான்."

குணா சேற்றில் நாலு அடி நடந்து போய்த் திரும்பி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. இருபது வருடமாகத் தேடியது ஒரு சேற்றுக் குழியில் கிடைத்து, கைக்கு வராமல் போகிற ஆத்திரம் அவருக்கு. பையிலிருந்த காசுகளை எடுத்தார்.

"இந்தாங்க. பதினாலும். இதுல முக்காவாசி என்கிட்ட ஏற்கனவே இருக்கு."

நான் நூற்றறுபது வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"வில்லை?"

"அது என்னோடது. கை மாறினா பேச்சு இல்ல. யாரு போட்ட ரூலு அண்ணே?"

கடல் ஏறத் தொடங்கியிருந்தது. முதல் தண்ணீர் கட்டை வரிசைக்குள் ஓசையில்லாமல் நுழைந்து வந்தது.

"விலை சொல்லுங்க, வாங்கிக்கிறேன்," என்றேன்.

"எண்ணூறு. கோலாலம்பூர்ல இதுக்கு மேலயே கேப்பாங்க."

"பத்து வெள்ளிக்கு வாங்கி எண்ணூறா? நீங்க மனுசனா, மொதலையா?" என்றான் சகாயம்.

"சும்மா இருடா. நாந்தான் பத்துக்கு வித்தேன்," என்றேன். "பாஸ், எண்ணூறு என்கிட்ட இல்ல. மாசம் அம்பது அம்பதா தரேன்."

குணா என் முகத்தைப் பார்த்தார். பிறகு வில்லையை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"எழுதித் தரவா பாஸ்?"

"வேணாம்லா. நீங்க பயந்தவரு. பயந்தவங்க கட்டிருவாங்க."

குழி தண்ணீருக்குள் போவதற்குச் சற்று முன்னால் நாங்கள் கரை ஏறினோம். கட்டியை என் சட்டையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி சகாயம் தூக்கி வந்தான்.

5. மஞ்சள் கோபுரம்

கோவில் கமிட்டியின் செயலாளர் பார்வதி அக்கா. பள்ளிக் கேண்டீன் நடத்துகிறவர். போன் போட்டதும் மாவுக் கையோடு வந்தார். வாழையிலை விரித்து எல்லாவற்றையும் அதில் வைக்கச் சொன்னார்.

"சிலைய லோரியில ஏத்துனப்ப நான் சின்னப் பொண்ணு," என்றார். "அலை வாசப்படிக்கு வந்துருச்சு. அம்மாவ தூக்குனா போதும்னு தூக்கிட்டு ஓடியாந்தாங்க. அடியில இருந்தத எடுக்க யாருக்கும் நேரமில்ல. கடல் கொண்டு போயிருச்சுன்னே இருந்தோம்."

வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"யாரு நம்பரு இது?"

யாருக்கும் தெரியாது. வேலை ஆட்களின் பேரும் நம்பரும் எழுதிய அந்த எஸ்டேட்டின் செக்ரோல் புத்தகம் எங்கே போனது என்றும் தெரியாது. நூற்றுப் பதினேழு ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

"மறுநாளு கிராணிகிட்ட என்னா சொல்லியிருப்பான்?" என்றான் சகாயம்.

பார்வதி அக்கா வில்லையைத் தகட்டின் மேல் வைத்தார்.

நான் எண்ணூறு வெள்ளி கடன் சொல்லி மீட்ட கதையைச் சகாயம் உளறிவிட்டான். கமிட்டி கொடுக்கும் என்றார் அக்கா. வேண்டாம் என்றேன். பத்து வெள்ளிக்கு விற்றவன் நான்தான்.

மறுநாளே மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். பயத்தில் என் பெயரை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. அவர்கள் வந்து பார்த்து, படம் எடுத்து, விவரம் கேட்டுப் போனார்கள். கோவிலே வைத்துக்கொள்ளலாம் என்று கடிதம் வர ஐந்து மாதம் ஆனது. அதன்பின் நடந்த கும்பாபிஷேகத்தில் பழைய தகடும் காசும் புதுக் குழிக்குள் போயின. வில்லையை என் கையாலேயே போடச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் சகாயமும் நின்றான். அவன் என்ன போட்டான் என்று காட்டவில்லை.

மெஷின் வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தோண்டுகிற இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். நான் கேட்கவில்லை, சகாயம் பக்கத்திலேயே நின்றும் கேட்கவில்லை. கிடைத்ததை அதிகாரிகளிடம் சொல்லுங்கள். முக்கியமாக, என்னவென்று தெரியாத பொருளுக்கு அந்த இடத்திலேயே விலை சொல்லாதீர்கள். மெஷின் உலோகத்தைத்தான் சொல்லும். அதைப் போட்ட ஆளைச் சொல்லாது.

குணாவுக்கு மாதம் பிறந்தால் முதல் தேதியே கட்டிவிடுகிறேன். இதுவரை முந்நூற்றைம்பது வெள்ளி போயிருக்கிறது. இன்னும் நானூற்றைம்பது வெள்ளி பாக்கி.