காயப்போட்ட துணிக்கு மேப்பில் இடமில்லை

செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பது என் வேலை. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கிற பிக்சல்களைக் கம்ப்யூட்டர் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிக் கோடு போட்டுத் தரும். இது தோப்பு, இது கண்மாய், இது வீடு என்று அதையெல்லாம் சரிபார்ப்பது எங்கள் பாடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு நாள் பூரா இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒருநாள் பழைய வருஷத்துப் படம் ஒன்று வந்தது. பிளவக்கல் அணை, மம்சாபுரம் தோப்புகள் எல்லாம் ஒழுங்காகப் பிரிந்திருந்தன. ராஜபாளையத்துக்குக் கிழக்கே மட்டும், தரிசுக்கு நடுவில் பளீரென்று ஒரு வெள்ளைத் துண்டு. கம்ப்யூட்டர் அதை ஷெட் கூரை என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூரையாவது கீரையாவது! அது காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி. வெளுத்த துணியைத் தரையில் வரிசையாக விரித்துக் காயவைக்கிற களம். அங்கே விரிக்கிற வேலை பார்த்தவள் என் அம்மா.

லீவு நாளில் நானும் கூடவே போவேன். காற்று தூக்குகிற ஓரங்களில் கல் வைப்பேன். "மிதிச்சிராத ஏட்டி" என்று அம்மா கத்திக்கொண்டே இருப்பாள். ஈரத் துணியின் பிளீச்சிங் வாடை, கண் கூசுகிற அந்த வெள்ளை, வேலை முடிந்ததும் பெண்கள் எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்து ஆளுக்கொரு வாய் எனக்கு ஊட்டுவது... அந்தக் களத்தின் மேல் எனக்கு இன்னமும் அம்புட்டு ஆசை. இப்போது அங்கே பிளாட் போட்டுவிட்டார்கள்.

"அதைத் தரிசோட சேர்த்துருங்கம்மா" என்றார் எங்கள் ஆபீஸ் சார், அது கூரையில்லை, காயப்போட்ட துணி என்று நான் சொன்னதும். நிலம் வருஷம் முழுக்க என்னவாக இருக்கிறது என்று காட்டுகிற மேப் இது. சாயங்காலமானால் சுருட்டி எடுத்துவிடுகிற துணிக்கு அதில் என்ன இடம்? அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எனக்கு வந்ததே கோபம்.

"துணி காயுற களம்னு தனியா ஒண்ணு போட்டா குடியா முழுகிப்போகும் சார்?"

நாளைக்குள் முடித்துவிடச் சொன்னார். அந்தத் துண்டும் போய்விட்டால் அம்மா அங்கே பாடுபட்டதற்கு வேறு அடையாளமே கிடையாது. களத்தில் அவளை யாரும் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை.

சாரிடம் கேட்டு, அந்த இடத்தை மட்டும் செல்லில் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு செத்த நேரம் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல நான் எங்க இருக்கேன்?"

"ஆளு தெரியாதும்மா. எம்புட்டோ மேல இருந்து எடுத்தது. துணிதான் தெரியும்."

"பக்கத்துல நின்னவியளுக்கும் அதான தெரிஞ்சுச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அந்தச் சூட்டுல கால் ரெண்டும் கொப்புளிச்சுக் கெடக்கும். அம்புட்டுத் துணி விரிச்சோம். ஒரு சாண் கிழிச்சுக் கட்டிக்க விட்டதில்ல."

செல்லை என் கையில் கொடுத்துவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தத் துண்டில் அம்மா இல்லை, துணிதான் இருந்தது. மறுநாள் முதல் வேலையாக அந்த வெள்ளையைத் தரிசோடு சேர்த்தேன்.