மச்சான் பெயரில் போன லோடு

பிள்ளைகளே, நம் குடோன் கம்ப்யூட்டரில் லோடு அனுப்பிய பழைய சீட்டுகளைத் திறந்தால், ஒரு எட்டு மாதச் சீட்டுகள் உங்களைக் குழப்பும். அந்த எட்டு மாதமும் உங்கள் மாமா உயிரோடு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சீட்டிலும், ஒப்புதல் தந்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கும். பக்கத்தில் நேரம் இருக்கும். காலை ஏழு பத்து, ஏழு இருபத்தைந்து என்று.

நானும் என் மச்சானும், அதாவது உங்கள் அம்மாவின் அண்ணனும், சேர்ந்துதான் திருக்கழுக்குன்றத்தில் இந்த வாடகைத் தொழிலைத் தொடங்கினோம். கான்கிரீட் தளம் காயும் வரை கீழே முட்டுக் கொடுக்கிற ஜாக்கிக் குழாய்களைச் செங்கல்பட்டிலிருந்து நாவலூர் வரை அனுப்புவோம். எது எந்த வேலையில் நிற்கிறது என்று நோட்டில் எழுதி எழுதிக் குழம்பிப்போய், கடைசியில் சாஃப்ட்வேர் வாங்கினோம். ஒருவர் சீட்டுப் போட வேண்டும், இன்னொருவர் ஓகே செய்ய வேண்டும், அப்போதுதான் லோடு கேட்டைத் தாண்டும். அப்படித்தான் அதை அமைத்துக் கொடுத்தார்கள். பத்தாவது தாண்டாத எனக்கே அது புரிந்தது. நான் சீட்டுப் போடுவேன். மச்சான் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். அதை அடித்தால் சீட்டு வெளியே வரும்.

எண்ணைச் சொல்வதற்கு முன்னால் மச்சான் ஒன்று செய்வார். லாரி பக்கத்தில் நின்று, ஏறுகிற ஒவ்வொரு ஜாக்கியையும் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டுவார். மாமல்லபுரம் கடற்கரை வேலைகளுக்குப் போய்வந்த குழாய் உப்புக்காற்றில் உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். சத்தம் கணீரென்று இல்லாமல் மொத்தையாக வந்தால் விடமாட்டார். "கடல் தின்னது மச்சான், இத்த ஓரங்கட்டு" என்பார். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியாது. அதற்கு நாற்பது ஜாக்கி என்றால் நாற்பது ஜாக்கிதான்.

நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்ததும் சாஃப்ட்வேர்காரர் வேறு பெயர் மாற்றித் தருவதாகச் சொன்னார். உங்கள் அம்மா விடவில்லை. "வருசம் திரும்பி தலை திவசம் முடியறதுக்குள்ள எங்கண்ணன் பேர எங்கியும் எடுக்கக் கூடாது" என்றாள். அவர்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம். சரி என்று விட்டுவிட்டேன்.

மச்சானின் போன் அவர் மனைவியிடம், உங்கள் அத்தையிடம் இருந்தது. தினமும் சார்ஜ் போட்டு வைத்திருப்பார். காலையில் நான் கூப்பிடுவேன்.

"அக்கா, நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சு தம்பி, எழுதிக்கோ" என்று ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்வார். இன்னும் மாமாவைக் கேட்டுத்தான் வேலை நடக்கிறது என்று அத்தைக்கு ஒரு தெம்பு. எனக்கும்தான்.

லாரி டிரைவர் சீட்டை வாங்கிப் பார்த்துச் சிரிப்பார். "இன்னாண்ணா, அண்ணாத்த மேல போயும் டூட்டி பாத்துகினு கீறாரு! அங்கியும் லீவு கெடைக்காது போல."

நானும் சிரிப்பேன். ஆனால் எண்ணை அடித்து முடித்ததும் என் கண் தானாக லாரிப் பக்கம் போகும். அங்கே ஒரு ஆள் நிற்க வேண்டும், நிற்கவில்லை. குழாயைத் தட்டிப் பார்க்க யாரும் இல்லை என்பதை நான் மறந்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். தெரியும். சீட்டு வந்துவிட்டது, அதில் அவர் பெயர் இருக்கிறது, அப்படியென்றால் அவர் பார்த்துவிட்டார் என்பது போல என் புத்தி வேலை செய்தது.

நாவலூர் பக்கம் ஒரு வீட்டுக்கு மாடித் தளம் போடும்போது இரண்டு ஜாக்கி மடங்கி, ஒரு மூலை இறங்கிவிட்டது. மேலே நின்ற தொழிலாளி விழுந்து தோள் எலும்பு முறிந்தது. மறுநாள் அந்த வேலையின் என்ஜினீயர் நம் சீட்டோடு குடோனுக்கு வந்தார்.

"இதுல ஓகே பண்ணவரு யாரு? அவர வரச் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். "அவரு ஊர்ல இல்ல சார்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையைக் கூட ஆட்டவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என்ஜினீயர் கோபமாகக் கிளம்பிப் போனார்.

சாயங்காலம் என் போனில் மச்சானின் பெயர் வந்தது. காலையில் நான்தான் கூப்பிடுவேன், அந்தப் போனிலிருந்து எனக்கு வருவதே இல்லை. எடுத்தேன். அத்தைதான்.

"தம்பி, எவரோ ஒருத்தர் போன் பண்ணாரு. சீட்டுல இந்த போன் நம்பர் இருந்துச்சாம். நான் பேசறதுக்குள்ளயே திட்ட ஆரம்பிச்சிட்டாரு. பார்க்காம அனுப்பிட்டியே, ஒரு ஆளு எழுந்துக்க முடியாம கெடக்கறான், உன் வூட்ல புள்ளைங்க இல்லியான்னு. நான் வாயே தொறக்கல." பிறகு கேட்டார், "அவரு இன்னா தப்பு பண்ணாரு தம்பி? இல்ல, நான் நம்பர தப்பா சொல்லிட்டனா?"

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"அவரு ஒண்ணும் பண்ணலக்கா. நீயும் பண்ணல. தட்டிப் பார்த்து ஏத்த வேண்டியது நான். நான் பார்க்கல."

"அப்ப அந்தாளாண்ட ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

"செத்தவர முன்னாடி நிக்க வெச்சிட்டு, நீ பின்னாடி ஒளிஞ்சிக்கினியா?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "எழுந்துரு. போய் சொல்லிட்டு வா" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்டுப் படுத்திருந்தவர் முன்னால் என்ஜினீயரும் இருந்தார். மச்சான் இறந்து எட்டு மாதம் ஆயிற்று, அந்த லோடைப் பார்க்காமல் அனுப்பியது நான் என்று சொன்னேன்.

"அப்ப போன்ல நான் திட்டினது யார?"

"அவரு சம்சாரத்த சார்."

என்ஜினீயர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். படுத்திருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருடம் திரும்பக் காத்திருக்காமல் பெயரை மாற்றச் சொன்னேன். உங்கள் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த நாவலூர் சீட்டில் மட்டும் என் பெயரைப் போட முடியுமா என்று சாஃப்ட்வேர்காரரிடம் கேட்டேன். முடிந்த சீட்டைத் திருத்த வழியே கிடையாதாம்.

நாளைக்கு நீங்கள் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் என் நாற்காலியில் உட்காருவீர்கள். நாவலூர் லோடு கண்ணில் படும். மாமாவின் பெயரும், காலை ஏழு நாற்பது என்று நேரமும் இருக்கும். அந்த நேரத்தில் அங்கே இருந்தது நான்.