சோலார் கேட்டில் நின்ற பாடை

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். கறுப்பின எழுத்தாளர்களின் எதிர்காலக் கதைகள் என்றால் எனக்கு உயிர். எண்ணெய் வற்றிய உலகில் வெயிலைக் கொண்டு விளக்கெரிக்கும் ஊர்கள் அவற்றில் வரும். இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைவிட, அதன் சாவி யாரிடம் என்றுதான் அந்தக் கதைகள் கேட்கும். பிறர் தோட்டத்தில் அடிமைகளாய் உழைத்தே மாண்டவர்களின் வாரிசுகள் வேறு எதைக் கேட்பார்கள்?

என் அண்ணன் வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்து, நுரையீரலை அங்கேயே கொடுத்துவிட்டு, திருமயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு இருமலோடு திரும்பியவர். ஊரே சேர்ந்து வேலியில்லாமல் சோலார் தகடு பதிக்கும் கதையை அவருக்குச் சொன்னேன். "வேலி இல்லாம எவன்த்தா விடுவான்? சும்மா கதை விடாத" என்று சிரித்தார்.

பிறகு எங்கள் பொட்டல் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஒரு சோலார் கம்பெனி வந்தது. "எண்ணெயில வெந்தது போதும்த்தா, இனிமே வெயிலாச்சும் சோறு போடட்டும்" என்றார் அண்ணன். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. "படிச்சவ நீ, பாத்துச் சொல்லு."

விடைத்தாள் திருத்துவதற்கு நடுவே புரட்டிவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்குண்ணே, கையெழுத்துப் போடுங்க" என்றேன். சுடுகாட்டுப் பாதை எங்கள் நிலத்தின் வழியாகத்தான் போகிறது. ஊருக்கே தெரிந்த பாதையை யார் எழுதி வைப்பார்கள்? படித்த மகராசி எனக்கும் தோன்றவில்லை.

கம்பெனி நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, பாதையில் கேட் வைத்தது. வேலை நடந்தவரை கேட் திறந்தே கிடந்தது. அதைப் பூட்டிய மாதமே, அந்த இருமலிலேயே அண்ணன் போய்விட்டார்.

பெண்கள் முச்சந்தியோடு திரும்பிவிடுவது எங்கள் வழக்கம். நானும் திரும்பிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "பாடை கேட்டுல நிக்கிது. நீங்க வந்து பேசுங்க."

ஓடினேன். காவலாளி கையைப் பிசைந்தார். "சாவி எங்கிட்ட இல்லீங்கம்மா." போனில் கம்பெனி ஆபீஸ்காரர் மரியாதையாகவே கேட்டார்: "அக்ரிமென்ட்ல பாதை இருக்குங்களா மேடம்?" இல்லை.

தூக்கிய பாடையைத் திருப்பக் கூடாது என்பார்கள். கீழேயும் வைக்காமல் தோள் மாற்றி மாற்றி உச்சி வெயிலில் நின்றார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் எங்கள் நிலம். நெடுநேரம் கழித்துச் சித்தப்பா, "திருப்புங்கப்பா, மெயின் ரோட்டுல சுத்திப் போவோம்" என்றார்.

அதற்கு எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்போதுதான் கழுவிவிட்ட வாசலில் அண்ணி நின்றாள். பாடையைப் பார்த்தாள், பின்னால் வந்த என்னைப் பார்த்தாள்.

"ஏன் திரும்பக் கொண்டாராங்க?"

"கேட்டைப் பூட்டிட்டாங்க அண்ணி" என்றேன்; கையெழுத்துப் போடச் சொன்னவள் நான்தான் என்பதைச் சொல்லவில்லை.